கலப்பற்று: மரக்கலங்களைச் செப்பனிட்ட கைகளும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களும்

திருப்பதி என்றவுடன் மலையும் காடும் கோயிலும் நினைவுக்கு வருகின்றனவே அன்றிக் கடல் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் 2022 ஏப்ரல் 4 அன்று, பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துத் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, மேற்கே சேஷாசல மலைத்தொடரும் கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் ஆந்திரக் கரையும் ஒரே நிர்வாக எல்லைக்குள் வந்தன. சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிக்கோட்டாவும் துகராஜபட்டணமும் இன்று திருப்பதி மாவட்டத்தவை. இது நிர்வாக வசதிக்காக வரையப்பட்ட கோடுதான். ஆனால் மரக்கலங்களின் வரலாற்றைத் தேடுவோர்க்கு இக்கோடு ஒரு பழைய உறவை நினைவூட்டுகிறது. மலையில் சுரந்த பிசின், கரையில் கிடந்த படகின் பொருத்துவாயை அடைத்த உறவு அது.

சேஷாசலக் காடுகளிலும் அதனை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியிலும் மட்டுமே இயல்பாக வளரும் மரங்கள் சில உண்டு. செம்மரம் அவற்றுள் உலகறிந்தது. அதே காட்டில் அதிகம் பேசப்படாத இன்னொரு மரமும் நிற்கிறது. தமிழில் தம்பகம் எனவும், தாவரவியலில் ஷோரியா தும்புக்காயா எனவும் வழங்கும் அது, குங்கிலிய மரத்தின் நெருங்கிய உறவினம். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் அதற்குப் பெயரிடுகையில், வட்டாரத்தில் வழங்கிய பெயரையே சிற்றினப் பெயராக வைத்தார். ஷோரியா என்னும் பேரினப் பெயரோ தலைமை ஆளுநர் ஜான் ஷோரின் நினைவாக வந்தது. காலனியக் காலத்துப் பெயரீட்டின் இயல்பை இவ்விரு சொற்களே காட்டிவிடும்: முன்பாதி ஆள்பவருடையது, பின்பாதி காட்டை அறிந்தவருடையது.

இம்மரத்தின் பிசினுக்கு இரண்டு பயன்கள் பதிவாகியுள்ளன. ஒன்று, நறும்புகை. மற்றொன்று, கப்பல் கட்டும் துறைகளில் கீலுக்கு மாற்றாகப் பூசுதல். குங்கிலியம் என்றால் தமிழர்க்கு முதலில் நினைவுக்கு வருபவர், அரிசி வாங்க வேண்டிய பொருளைக் கொண்டு இறைவனுக்குக் குங்கிலியம் வாங்கிய திருக்கடவூர்க் கலயனார். கோயில் புகைக்குச் சென்ற அதே பிசின் வகை கடற்கரைக்கும் சென்றது என்பது பலரும் எண்ணிப்பாராத செய்தி. இவ்விரண்டு பயன்களும் ஒருகாலத்தில் அத்தனை தொலைவில் இல்லை என்றும் கருத இடமுண்டு. நற்றிணையின் நெய்தற்பாட்டு ஒன்றில், மூப்படைந்து தொழிலினின்று நீங்கிய அம்பி ஒன்று புன்னை நிழலில் கட்டப்பட்டுக் கிடக்கிறது. அதற்கு இனி நறும்புகை காட்டுவாரில்லை. உழவர் தம் முதிய எருதைத் தொழிலிலிருந்து விடுவித்தல் போல் என உவமை சொல்கிறது பாட்டு. அப்படியானால் தொழிலில் இருக்கும் கலத்துக்குப் புகை காட்டுவது வழக்கமாக இருந்திருக்க வேண்டும். கலம் பேணப்பட வேண்டிய ஓர் உயிர் போன்றது. பேணுதல் நின்ற நாளே அதன் இறுதிநாள். மரக்கலங்களைச் செப்பனிடும் கலையின் அடிப்படைக் கருத்து ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இவ்வாறு பதிவாகிவிட்டது.

ஒரு சொல்லின் பயணம்

மரக்கலத்தின் பலகைகளுக்கு இடையிலுள்ள பொருத்துவாய்களில் பஞ்சையோ தேங்காய் நாரையோ எண்ணெயில் தோய்த்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அடித்துச் செருகி, அதன்மேல் பிசினும் எண்ணெயும் கலந்து பூசி நீர்புகாமல் செய்யும் தொழிலுக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். அதைச் செய்பவர் கலப்பற்றுக்காரர். பழைய அகராதிகள் இச்சொல்லைப் பதிவு செய்துள்ளன. பார்த்த மாத்திரத்தில் தூய தமிழ்த்தொடராகவே தோன்றும். கலம் என்பது மரக்கலம். பற்று என்பது ஒட்டுதல். கலத்தில் பற்றுவது கலப்பற்று. இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன வேண்டும்?

ஆனால் மலையாளக் கரையில் இதே தொழிலுக்கு வழங்கும் சொல் கலப்பத்து. போர்த்துகீசிய மொழியில் கலஃபாத்தே என்றால் இத்தொழிலாளி. இத்தாலியத்தில் கலஃபாத்தாரே, பிரெஞ்சில் கல்ஃபாத்தே, துருக்கியத்தில் கலஃபாத், அரபியிலும் இதே வேரைச் சார்ந்த வினைச்சொல். கி.பி. 1041-42-இல் சில மாதங்களே பைசாந்தியத்தை ஆண்ட ஐந்தாம் மிக்கேல் என்னும் பேரரசனுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் கலஃபாத்தேஸ். அவன் தந்தை கப்பல்களுக்குக் கலப்பற்று அடித்தவர் என்பதால் வந்த ஏளனப் பெயர் அது. சொல்லின் மூலம் அரபியா கிரேக்கமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மத்தியதரைக் கடலின் துறைமுகங்களில் புழங்கிய சொல், அரபு வணிகரோடோ போர்த்துகீசியரோடோ இந்தியக் கரைக்கு வந்தது என்பதில் ஐயம் குறைவு.

அப்படியாயின் தமிழில் வல்லின றகரம் எங்கிருந்து வந்தது? இங்குதான் மொழியின் உள்வேலை வெளிப்படுகிறது. தமிழில் எழுத்துவழக்கின் ற்ற, பேச்சுவழக்கில் த்த ஆகிறது. காற்று காத்து ஆகும். நேற்று நேத்து ஆகும். பற்று பத்து ஆகும். கரையில் கலப்பத்து என்று கேட்ட சொல்லை எழுத முற்பட்டவர், அது ஏதோ ஒரு செந்தமிழ்ச் சொல்லின் பேச்சுவடிவம் என்று கருதி, காத்தைக் காற்றாக்குவது போலக் கலப்பத்தைக் கலப்பற்று ஆக்கியிருக்க வேண்டும். அவ்வாறு ஆக்கியதும் சொல்லுக்குப் பொருளும் கிடைத்துவிட்டது. வேற்றுமொழிச் சொல் ஒன்று தமிழ்ச் சொற்களால் தன்னை விளக்கிக்கொண்டது. மொழியியலார் இதனை மக்கள் வழக்குச் சொற்பிறப்பு என்பர். பிழை என்று தள்ளிவிடத் தக்கதன்று இது. எந்தத் தொழில் ஒரு கரையில் வேரூன்றி அன்றாட வாழ்வின் பகுதியாகிவிடுகிறதோ, அந்தத் தொழிலின் சொல்தான் இவ்வாறு உள்நாட்டு உடை அணியும்.

எதிர்த்திசையிலும் சொற்கள் பயணம் செய்தன. தேக்கு, போர்த்துகீசியத்தில் தேக்கா ஆகி, ஆங்கிலத்தில் டீக் ஆயிற்று. கட்டுமரம், 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூல் வழியாக ஆங்கில வாசகர்க்கு அறிமுகமாகி, இன்று இரட்டை உடல் கொண்ட கலங்களின் உலகப்பெயராக நிற்கிறது. மலையாளத்துச் சங்ஙாடம், ஜங்காதா என்னும் வடிவில் போர்த்துகீசியக் கப்பல்களில் ஏறி, பிரேசிலின் வடகிழக்குக் கரை மீனவரின் தெப்பத்துக்குப் பெயராயிற்று. முதல் நூற்றாண்டின் செங்கடல் செலவுநூல் சோழமண்டலக் கரையில் கண்டதாகக் கூறும் சங்கரா என்னும் கலமும் இச்சொல்லோடு உறவுடையது என்று கருதும் ஆய்வாளர் உளர்.

தொழிலாளியின் பெயரும் கவனிக்கத்தக்கது. இராமநாதபுரக் கரையிலும் ஈழத்திலும் மரக்கலம் கட்டுபவர் ஓடாவி. மலபாரில் ஓடாயி. ஓடம் என்னும் சொல்லின் அடி இதில் தெளிவாகத் தெரிகிறது. தெலுங்கில் ஓட என்றால் கப்பல். மாலத்தீவில் ஓடி என்பது பெருங்கலம். ஈழத்தில் பின்னர் ஓடாவி என்பது வீட்டுக்கு நிலையும் கதவும் செய்யும் தச்சரையும் குறிக்கலாயிற்று. நிலத்துத் தச்சர் பெயரைக் கடல் கடன்வாங்கவில்லை. கடல்தச்சர் பெயரையே நிலம் கடன்வாங்கியது. அவ்வோடாவிகளின் ஆற்றலுக்கு வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி சான்று. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் அதனை வாங்கி, தம் மனைவியின் பெயரால் ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றிப் பெயரிட்டார். தமிழ் மாலுமிகள் செலுத்திய அக்கலம் 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளௌசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

செப்பனிடுதல் என்பது என்ன

மரக்கலத்தைச் செப்பனிடுதலை வெளியிலிருந்து காண்போர் அதை வண்ணம் பூசும் வேலை என்று எண்ணுவர். உண்மையில் பூச்சு என்பது இறுதிக்கட்டம். அதற்கு முன் நிகழ்வதே கலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கரையேற்றியவுடன் முதற் கவலை வெயில். நீரில் ஊறியிருந்த பலகை வேகமாக உலர்ந்தால் சுருங்கும், பொருத்துவாய் விரியும், பலகையின் முனைகள் வெடிக்கும். ஆகவே ஓலைப்பந்தலின் நிழலில் மெல்ல உலரவிடுவர். அடியில் ஒட்டிய சிப்பியும் பாசியும் சுரண்டி எடுக்கப்படும். பின்னர்த் தட்டிப்பார்த்தல். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும். உளுத்த பலகை மந்தமாக ஒலிக்கும். கடல்நீரில் வாழும் மரத்துளைப் புழு வெளியே குண்டூசி முனையளவு துளையிட்டு உள்ளே நுழைந்து, விரல் பருமனுக்குக் குடைந்துசெல்லும். மேற்பரப்பைப் பார்த்து எதையும் அறிய முடியாது. செவியே கருவி.

உளுத்த பலகையைக் கழற்றும்போது ஆணிகளின் நிலை தெரியவரும். இரும்பு துருப்பிடிக்கையில் ஆணியைச் சுற்றியுள்ள மரமும் கருத்து இளகிப்போகும். ஓக் மரத்தில் இக்கேடு மிகுதி; அதன் துவர்ப்பொருள் இரும்பை அரிக்கும். தேக்கில் உள்ள எண்ணெய்ப்பசை இரும்பைப் பெருமளவு காக்கிறது. ஐரோப்பியக் கடற்படைகள் இந்தியத் தேக்கை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பம்பாயில் ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில் தேக்கால் கட்டப்பட்டு 1817-இல் நீரிலிறக்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் டிரிங்கோமலி இன்றும் மிதக்கிறது. திருகோணமலையின் பெயர் தாங்கிய அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் 1990 முதல் 2001 வரை செப்பனிடப்பட்டது. இருநூறாண்டு கடந்த பின்னும் அதன் மரத்தில் பெரும்பகுதி கட்டியபோதிருந்த தேக்கே.

புதுப்பலகை பொருத்துகையில் மரத்தேர்வு முதன்மை. தமிழ்க்கரையில் தேக்கு மட்டுமன்றி வேம்பு, இலுப்பை, புன்னை, ஆஞ்சிலி ஆகியனவும் பயன்பட்டன. வளைவான விலாச்சட்டத்துக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடிக் காடும் தோப்பும் அலைவர். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நரம்பு அறுந்து வலுவிழக்கும். பலகையை வளைக்க நெருப்பில் வாட்டி, நனைத்து, கயிறும் முளையும் கொண்டு மெல்ல இறுக்குவர்.

அதன்பின் கலப்பற்று. இதில் கைப்பழக்கத்தின் நுட்பம் முழுதும் அடங்கும். பஞ்சு குறைந்தால் நீர் கசியும். மிகுந்தாலும் கேடே. நீரில் இறங்கியபின் பலகை ஊறிப் பருக்கும். இடமில்லாதபோது விளிம்பு நசுங்கும், சில வேளை ஆணியையே பிதுக்கிவிடும். மரம் இனி எவ்வளவு பருக்கும் என்பதை முன்னறிந்து அதற்கேற்ப அடிக்க வேண்டும். இந்த அறிவு நூலில் இல்லை. கொட்டாப்புளியின் ஓசை மாறும் கணத்தில் இருக்கிறது.

நீருக்கடியில் இருக்கும் பகுதிக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியப் பெருங்கடலில் பயணம் செய்த மார்க்கோ போலோ, இக்கடல்களில் செல்லும் வணிகக் கப்பல்களுக்குக் கீல் பூசுவதில்லை என்றும், சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயோடு இடித்துப் பூசுகின்றனர் என்றும் விவரிக்கிறார். இதன் வேதியியல் எளியது. எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் கரையாத ஒருவகைச் சவர்க்காரமாக இறுகும். புழுவுக்கு அது உவப்பன்று. பிரித்தானியக் கடற்படை 1761-இல் அலார்ம் என்னும் கப்பலின் அடியில் செப்புத்தகடு அடித்துச் சோதித்தது. அந்தச் செலவைத் தாங்கவியலாத சிறு துறைகளில் சுண்ணாம்புப் பூச்சு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

நீர்மட்டத்துக்கு மேலுள்ள மரத்துக்கு எண்ணெயே காப்பு. புன்னையெண்ணெயும் மீனெண்ணெயும் கரையிலேயே கிடைத்தன. ஐரோப்பிய உல்லாசப் படகுகளோடு வந்தது வார்னிஷ். ஆளிவிதை எண்ணெயையும் பிசினையும் காய்ச்சிச் செய்யும் இப்பூச்சின் பெயர், வட ஆப்பிரிக்கக் கரையின் பெரெனிகே என்னும் பண்டை நகரின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். வார்னிஷ் பூசிய மரம் கண்ணாடிபோல் ஒளிரும். ஆயின் தெளிந்த பூச்சின் ஊடே வெயில் நுழைந்து மரத்தின் மேற்படலத்தைச் சிதைக்கும். பிடிமானம் போனதும் பூச்சு உரியத் தொடங்கும். ஆகவே பழைய பூச்சை முற்றும் நீக்கி, நரம்பின் போக்கிலேயே தேய்த்து, உப்பை நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்தி, முதற்பூச்சை நீர்க்கப் பூசி மரத்துக்குள் இறங்கவிட்டு, அதன்மேல் ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே மெல்லத் தேய்த்துப் பல பூச்சுகள் பூச வேண்டும். பனிபடும் மாலையில் பூசினால் வெண்மை படரும். புழுதிக்காற்றில் பூசினால் உழைப்பு வீண். அவசரப்படுவோர்க்கு இத்தொழில் ஒத்துவராது.

விசை வந்தபின்

1886-இல் ஜெர்மனியின் நெக்கார் ஆற்றில் காட்லீப் டைம்லர் தம் பெட்ரோல் இயந்திரத்தை ஒரு படகில் பொருத்தி ஓட்டினார். அதன்பின் மேனாட்டு ஏரிகளில் மெருகேற்றிய மகோகனிப் படகுகள் பெருகின. அவற்றைத் தேடியெடுத்துப் பழைய நிலைக்குக் கொணர்வது இன்று அங்கு செல்வரும் கைவினை ஆர்வலரும் போற்றும் பொழுதுபோக்கு.

தமிழ், தெலுங்குக் கரைகளில் விசை வந்த வழி வேறு. அது வயிற்றுப்பாட்டோடு வந்தது. 1952-இல் கையெழுத்தான இந்திய - நார்வே ஒப்பந்தத்தின் வழியே கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இயந்திரம் பொருத்திய மரப்படகுகள் அறிமுகமாயின. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அரசுகளின் திட்டங்கள் தொடர்ந்தன. விசைப்படகு என்னும் சொல் அக்காலத்தின் பேறு. இரண்டே எளிய சொற்களால் ஆகிய தொகை. அரசாணையிலும் செய்தித்தாளிலும் மீனவர் வாயிலும் ஒருங்கே நிலைபெற்ற அருஞ்சொற்களுள் ஒன்று. தெற்கே அதனோடு லாஞ்சு என்னும் சொல்லும் வழங்குகிறது. ஆங்கிலத்தின் லாஞ்ச், ஐபீரிய மொழிகளின் லாஞ்சா வழியாக மலாய் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பர். கீழைக்கடலின் சொல் ஒன்று உலகைச் சுற்றிக் கீழைக்கடலுக்கே திரும்பியிருக்கிறது.

இயந்திரம் மரத்தின் மீது புதிய சுமையை ஏற்றியது. பாய்மரத்தின் இழுவிசை கலம் முழுதும் பரவுவது. இயந்திரத்தின் அதிர்வோ ஓரிடத்தில் இடைவிடாது குத்துவது. இயந்திரம் அமர்ந்த சட்டத்தின் திருகாணிகள் தளரும். பின்பகுதிப் பொருத்துவாய்களில் கலப்பற்று கழலும். கசியும் டீசல் அடித்தளத்தில் தேங்கிப் பிசினைக் கரைக்கும். தைத்த கலங்களுக்கோ இவ்வதிர்வு சற்றும் பொருந்தாது. தமிழில் சலங்கு எனவும், ஆங்கிலேயர் வாயில் மசூலா எனவும் வழங்கிய சோழமண்டலத்துத் தையற்படகு, இரும்பாணி இன்றித் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டு, வைக்கோலால் அடைக்கப்பட்டது. அலை மோதினால் நெளிந்துகொடுக்கும், உடையாது. சென்னைக்குத் துறைமுகம் அமையும்வரை கப்பலிலிருந்து ஆளும் சரக்கும் கரைசேர்ந்தது அதனால்தான். நெளிதலே அதன் வலிமை. இயந்திரம் வேண்டுவதோ நெளியாத உடல்.

நெளியாத உடல் கண்ணாடியிழையாக வந்தது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மரம் கிடைப்பது அருகிவந்த சூழலில், கரையிறங்கும் புதுவகைப் படகுகளைச் சோதித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. மீனவர் அவற்றை விரும்பியதில் வியப்பில்லை. எடை குறைவு, புழு அரிக்காது, ஆண்டுதோறும் கலப்பற்று வேண்டாம். பசியோடும் கடனோடும் போராடுவோரிடம் மரபின் பெயரால் மரப்படகைச் சுமத்த எவர்க்கும் உரிமையில்லை.

ஆயினும் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு இன்றியமையாதது. 1957-இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப்படகின் மேல் கண்ணாடியிழை உறை போர்த்தும் முறையை ஆராய்ந்து, மரத்தை முன்னரே பதப்படுத்தி உலர்த்தி உறையிடுவதைப் பரிந்துரைத்தது. இம்முறையை முன்வேலையின்றிச் செய்தால் விளைவு எதிராகும். ஈரமும் உளுப்பும் உள்ள பழம்பலகை மீது உறை போர்த்தினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே மரம் மட்கும். வெளித்தோற்றம் புதுப்படகு, உள்ளே மாவு. பழமையைக் காப்பதாகக் கருதி மரக்கலங்களைப் புதுப்பிக்க முனைவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தட்டிப்பார்க்கும் செவி இல்லாத இடத்தில் மெருகு மட்டும் கலத்தைக் காக்காது.

ஏரிக்கரையில் எஞ்சியவை

பழவேற்காட்டு ஏரியும் அதனை ஊடறுத்த பக்கிங்காம் கால்வாயும் ஒருகாலத்தில் மரக்கலங்களின் பெருவழி. ஏரியின் தென்முனையில் டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். 1690 வரை அவர்களது சோழமண்டலத் தலைமையிடம் அதுவே. வடக்கே ஆர்மகான் என்று ஆங்கிலேயர் அழைத்த துகராஜபட்டணத்தில் 1620-களில் அவர்களது பண்டகசாலை இருந்தது; சென்னையை நிறுவிய பிரான்சிஸ் டே அங்கிருந்தே புறப்பட்டவர். 1806-இல் பேசில் காக்ரேன் வெட்டி முடித்த சிறு கால்வாய் படிப்படியாக வடக்கும் தெற்கும் நீண்டு, 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. உப்பும் தானியமும் ஸ்ரீஹரிக்கோட்டாவின் சவுக்கு விறகும் மரப்படகுகளில் சென்னைக்குச் சென்றன. சாலையும் இரயிலும் வலுத்து, 1960-களிலும் 70-களிலும் புயல்கள் கரைகளைச் சிதைத்தபின், அப்போக்குவரத்து ஒடுங்கியது.

இந்த ஏரிக்கரை இருமொழிக்கரை. நெல்லூர்க் கரையின் பட்டபு மீனவர் தமிழகப் பட்டினவரோடு உறவு கூறுபவர். அவர்கள் பேச்சில் தமிழும் தெலுங்கும் பின்னிக் கிடக்கின்றன. தமிழின் படவு தெலுங்கில் படவ. தோணி அங்கே தோனெ. தெப்பம் அங்கே தெப்ப. ஆந்திரக் கடலோரத்தில் தெப்ப என்றால் கடலுக்குச் செல்லும் கட்டுமரம். திருமலையில் பால்குன மாதப் பௌர்ணமியை இறுதியாகக் கொண்டு ஐந்து நாள்கள் சுவாமி புஷ்கரிணியில் நிகழும் தெப்போத்ஸவத்தில் அதே சொல் இறைவனின் மிதவை. மீனவனின் கலமும் மலையப்பனின் கலமும் ஒரே பெயருடையன. மலைக்கும் கரைக்கும் இடையே பிசின் மட்டுமா வந்துபோயிற்று, சொல்லும் வந்துபோயிற்று.

தமிழ்க்கரையில் மரக்கலத்தைச் செப்பனிடும் கலை தொழிலாகவே உயிர்த்திருக்கும் இடங்களுள் தூத்துக்குடி குறிப்பிடத்தக்கது. லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றும் மரத்தோணிகள் அங்குள்ளன. முன்னர்ப் பாய்விரித்துச் சென்றவை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரம் பெற்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றம் மிக்க மாதங்களில் அவை கடலுக்குச் செல்வதில்லை. அந்த ஓய்வுக்காலமே செப்பனிடும் காலம். அங்கே பழமையைக் காப்பது ஒருவர்க்கும் நோக்கமன்று. அடுத்த பருவத்தில் சரக்கேற்றுவதே நோக்கம். அதனாலேயே கலை அங்கே பொய்யின்றி நிற்கிறது. ஆண்டுதோறும் ஒரு பலகை, ஒரு சட்டம் என மாறி, பல பதிற்றாண்டுகளில் தோணியின் மரம் பெரும்பாலும் மாறிவிடுகிறது. தோணி மட்டும் அதே தோணியாக நீடிக்கிறது. நீடிப்பது மரம் அன்று, அதனைத் தொடர்ந்து பேணும் கைகளின் அறிவே.

அக்கைகளின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. கலம் ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம். கலப்பற்றுக்காரரின் செவியை வைக்க இயலாது. ஒவ்வோர் உளிக்கும் ஒவ்வொரு பொருத்துக்கும் ஒவ்வொரு பழுதுக்கும் துறைதோறும் வேறுவேறு பெயர் உண்டு. அவற்றுள் அகராதி ஏறியவை சிலவே. ஏறாதவை பேசுவோர் ஓய்ந்ததும் ஓயும். பழவேற்காட்டிலும் தூத்துக்குடியிலும் கடலூரிலும் முதிய ஓடாவிகள் வேலை செய்கையிலேயே, அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் செய்யும் செயலோடு சேர்த்து ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்தல், தமிழ்த்துறையும் தெலுங்குத்துறையும் மொழியியல் துறையும் இணைந்து செய்யத்தக்க பணி. பெருந்தொகை வேண்டுவதன்று, காலம் மட்டுமே வேண்டுவது.

சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தம்பக மரத்துக்குச் சட்டத்தின் காவல் கிடைத்திருக்கிறது. அதன் பிசின் எதற்குப் பயன்பட்டது, எந்தப் பதத்தில் காய்ச்சப்பட்டது, எந்த எண்ணெயோடு கலக்கப்பட்டது என்று சொல்ல வல்லார்க்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை.